கொட்டாத குளவிகள்

நாமும் அறிவோம் – அறிவியல் பக்கம்

மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. மூத்த பிள்ளைகள் இருவரும் தமிழ்ப் பாடசாலைக்குப் போயிருந்தார்கள். கடைக்குட்டி குசினி நிலத்தில் தவழ்ந்து திரிந்தாள். இடியப்பத்துக்கு மா எடுக்கப் போன மனைவி அலுமாரிக் கதவைத் திறந்துவிட்டு அப்படியே நின்றார்.

"இஞ்சேருங்கோ, ஒருக்கா இஞ்சை வந்து பாருங்கோ."

போய்ப் பார்த்தேன். அலுமாரிக்குள்ளிருந்து சிறிய மண்ணிறப் பூச்சிகள் மூன்று நான்கு தள்ளாடிப் பறந்தன. ஒரு மாப் பையின் வாயில் சிலந்தி வலை போல நூல் படர்ந்திருந்தது. அந்த நூலில் வெள்ளைப் புழுவொன்று நெளிந்துகொண்டிருந்தது.

"மாமி அனுப்பின ஒடியல் மாவிலையிருந்துதான் வந்திருக்கு" என்றார் மனைவி.

அந்த ஒடியல் மா, அம்மா தன் கையால் இடித்து, அரித்து, ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டது. கூழ் காய்ச்சவென்று பத்திரமாக வைத்திருந்தோம். நான் ஒன்றும் பேசவில்லை. பையைத் திறந்து பார்க்கவுமில்லை. அப்படியே கட்டிக் கொண்டுபோய்க் கீழே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன். போகிற வழியிலேயே பூச்சி மருந்து ஒன்றும் வாங்கிவந்தேன்.

மாடிப்படியில் மேல் வீட்டு ஜேர்மன் அம்மா எதிர்ப்பட்டார். ஓய்வூதியம் பெறுபவர். என் கையிலிருந்த மருந்துப் போத்தலைப் பார்த்துவிட்டு என்ன விடயம் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த டொச்சில் சொன்னேன். "சின்னப் பிள்ளை தவழுகிற வீட்டில், சாப்பாடு வைக்கிற அலுமாரியில் நஞ்சு அடிக்கப் போகிறாயா? ஷ்லுப்ஃவெஸ்பன் வாங்கி வை" என்றார்.

'வெஸ்பெ' என்றால் குளவி என்பது எனக்குத் தெரியும். கோடையில் பிள்ளைகளின் இனிப்புப் பானத்தைச் சுற்றி வந்து கொட்டுகிற அந்த மஞ்சள் கறுப்புக் குளவியை வீட்டுக்குள் கொண்டுவந்து விடச் சொல்கிறாரா என்று திகைத்துவிட்டேன். அந்தத் திகைப்பிலிருந்து தேடிப் படித்ததுதான் இம்மாதப் பக்கம்.

எத்தனை விதமான குளவிகள்

குளவி என்றதும் நமக்கு நினைவு வருவது கொட்டுகிற குளவி. கூட்டமாக வாழ்ந்து கூடு கட்டுபவை அவை. இரண்டாவது, தனியாக வாழும் வேட்டைக் குளவி. ஊரில் சுவரிலும் யன்னல் மூலையிலும் மண்ணால் கூடு கட்டுமே, அது இந்த வகை. வீட்டில் குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் ஒரு குழந்தை பிறக்கும் என்று சொல்லி, கூட்டை உடைக்க விடமாட்டார்கள் நம் பெரியவர்கள்.

மூன்றாவதுதான் இந்த ஷ்லுப்ஃவெஸ்பெ, ஒட்டுண்ணிக் குளவி. இது கூடு கட்டுவதில்லை. இன்னொரு பூச்சியின் உடலையே தன் குஞ்சுக்கு வீடாகவும் உணவாகவும் ஆக்கிக்கொள்கிறது. இவற்றில் ஒரேயொரு குடும்பத்தை எடுத்துக்கொண்டாலே ஜேர்மனியில் 3000க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. நாம் தினமும் இவற்றைக் கடந்து போகிறோம். ஆனால் கண்ணில் படுவதில்லை. பெரும்பாலானவை எறும்பிலும் சிறியவை. மனிதரை நாடி வந்து கொட்டுபவையும் அல்ல.

புழு குளவியாகுமா?

நம் சமய நூல்களில் ஒரு உவமை உண்டு. குளவி ஒரு புழுவைக் கொண்டுவந்து மண்கூட்டில் வைத்துத் திரும்பத் திரும்பக் கொட்டுமாம், அதன் காதில் ஊதுமாம். அந்த ஒலியையே கேட்டுக் கேட்டுப் புழுவும் குளவியாகிவிடுமாம். குருவை இடைவிடாது நினைக்கும் சீடனும் குருவாகிறான் என்பதற்கு இதை எடுத்துச் சொல்வார்கள். நானும் சிறு வயதில் இதை அப்படியே நம்பியிருந்தேன்.

நம் முன்னோர் கண்ணால் கண்டதில் பிழையில்லை. கூட்டுக்குள் புழு போனது உண்மை. சில நாளில் கூட்டிலிருந்து குளவி வெளியே வந்ததும் உண்மை. இடையில் நடந்ததுதான் தெரியாமல் இருந்தது. குளவி புழுவைக் கொட்டுவது அதை மாற்றுவதற்காக அல்ல, அசையாமல் செய்வதற்காக. கொன்றுவிட்டால் புழு அழுகிப்போகும். அசையாமல், ஆனால் உயிரோடு இருந்தால் நாட்கணக்கில் பழுதடையாது. அதோடு ஒரு முட்டையையும் கூட்டுக்குள் இட்டுவிட்டுக் குளவி வாயிலை மூடிவிடும். முட்டையிலிருந்து வரும் குஞ்சு அந்தப் புழுவைத் தின்று வளர்ந்து குளவியாக வெளியே வருகிறது. வெளியே வந்தது புழுவின் மறுபிறப்பு அல்ல, புழுவைத் தின்ற பிள்ளை.

ஐரோப்பாவிலும் இதே குழப்பம் இருந்தது. புழுவை வளர்த்தால் சில வேளை வண்ணத்துப்பூச்சி வரும், சில வேளை சின்னஞ்சிறு ஈக்களும் குளவிகளும் வரும். இது ஏன் என்று எவருக்கும் விளங்கவில்லை. 1647இல் பிராங்பேர்ட்டில் பிறந்த மரியா சிபில்லா மேரியான் என்ற பெண்மணி சிறு வயது முதலே வீட்டில் புழுக்களை வளர்த்து, கண்டதையெல்லாம் வரைந்துவந்தார். 1679இல் நூர்ன்பேர்க்கில் வெளியான அவரது புழுக்கள் பற்றிய நூல் புகழ்பெற்றது. வண்ணத்துப்பூச்சிக்குப் பதிலாக வேறு பூச்சிகள் வெளிவந்த சந்தர்ப்பங்களையும் அவர் மறைக்காமல் குறித்து வைத்தார். யூரோ வருவதற்கு முன்னர் புழங்கிய 500 மார்க் தாளில் இருந்தது இவருடைய படம்தான்.

கோவா இலையில் நடப்பது

என் நண்பர் ஒருவர் நகர எல்லையில் ஷ்ரேபர்கார்ட்டன் எனப்படும் சிறுதோட்டத் துண்டொன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறார். வெண்டியும் கத்தரியும் குளிருக்குத் தாக்குப்பிடிக்கவில்லை. கோவா நன்றாக வந்தது. கூடவே புழுவும் வந்தது. ஒருநாள் இலையில் மஞ்சள் நிறத்தில் அரிசிக் குறுணல் போலக் குவியலாக இருந்ததைக் கண்டு, முட்டை என்று நினைத்து நசுக்கத் தொடங்கினார். பக்கத்துத் தோட்டத்து முதியவர் வேலிக்கு மேலால் கையை நீட்டித் தடுத்தாராம். "அது உன் எதிரியின் முட்டை அல்ல. உன் காவல்காரனின் தொட்டில்!"

கோவாவைத் தின்பது கோல்வைஸ்லிங் என்னும் வெள்ளை வண்ணத்துப்பூச்சியின் புழு. அதைத் தேடி வருவது கொட்டேசியா என்ற சிறிய கறுப்புக் குளவி. புழு கடித்ததும் கோவா இலையிலிருந்து ஒருவகை வாசனை கிளம்பும். அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டே குளவி வந்து சேரும். வந்து, இளம் புழுவின் உடலுக்குள் ஊசி போன்ற உறுப்பைச் செலுத்தி 20, 30 முட்டைகளை இட்டுவிட்டுப் போய்விடும்.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். நம் உடலுக்குள் ஒரு முள் ஏறினாலே குருதிக்கலங்கள் சூழ்ந்துகொள்கின்றன. புழுவின் உடல் மட்டும் சும்மா இருக்குமா? இராது. புழுவுக்கும் நிர்ப்பீடனம் உண்டு. அந்நிய முட்டை ஒன்று உள்ளே வந்தால் அதன் குருதிக்கலங்கள் முட்டையைச் சுற்றி அடுக்கடுக்காக ஒட்டி மூச்சுத் திணறச் செய்து கொன்றுவிடும்.

அதற்குத்தான் குளவி முட்டையோடு வேறொன்றையும் சேர்த்து உட்செலுத்துகிறது. அது ஒரு வைரசு. நமக்குச் சளிக் காய்ச்சல் தரும் வைரசு போன்றதல்ல இது. இதை உருவாக்கும் பரம்பரையலகுகள் குளவியின் சொந்தப் பரம்பரைச் சொத்திலேயே இருக்கின்றன. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் ஏதோ ஒரு மூதாதைக் குளவியைத் தொற்றிய வைரசு, அதோடு ஒன்றாகக் கலந்து குடும்பச் சொத்தாகிவிட்டது. 2009இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இந்த வைரசின் பூர்வீகத்தைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். குளவியின் சூலகத்தில் மாத்திரமே இது உற்பத்தியாகும். புழுவின் உடலில் பெருகாது. அங்கே போய்ச் செய்யும் வேலை ஒன்றுதான்: புழுவின் காவற்படையை முடக்குவது. வாயிற்காவலனை மயக்கிவிட்டு வீட்டுக்குள் புகுவது போன்றது இது.

அத்தோடு முடியவில்லை. புழு எப்போது தோலுரிக்க வேண்டும், எப்போது கூட்டுப்புழுவாக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை ஓமோன்கள். அவற்றுள் ஒன்று இளமை ஓமோன். அது குறைந்தால்தான் புழு அடுத்த பருவத்துக்குப் போகும். கொட்டேசியாவின் உறவுக் குளவியொன்று புகையிலைப் புழுவில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகள் உள்ளே இருக்கும்வரை அந்தப் புழுவில் இளமை ஓமோன் குறைவதேயில்லை. ஆகவே புழு கூட்டுப்புழுவாக மாறுவதுமில்லை. குஞ்சுகளுக்கு வேண்டியது தின்று கொழுக்கும் புழு. வண்ணத்துப்பூச்சியாகிப் பறந்துபோகும் புழுவால் அவற்றுக்கு என்ன பயன்?

நாம் ஊரில் உயிரியல் படித்தபோது, ஒட்டுண்ணிக்கு இடம் கொடுக்கும் உயிரை 'விருந்து வழங்கி' என்று படித்தோம். விருப்பமில்லாத விருந்து இது. கோவாப் புழு வெளிப்பார்வைக்குச் சாதாரணமாகத் தின்றுகொண்டே இருக்கும். உள்ளே குஞ்சுகள் அதன் உடற்திரவத்தையும் கொழுப்பையும் உறிஞ்சி வளரும். உயிர் நிலைக்கத் தேவையான உறுப்புகளை மட்டும் தொடமாட்டா. வளர்ந்ததும் தோலைத் துளைத்து வெளியே வந்து, பக்கத்திலேயே மஞ்சள் நூற்கூடு கட்டிக்கொள்ளும்.

இதன் பின்னரும் புழு உடனே சாவதில்லை. தன் உடலைத் துளைத்து வெளியேறிய அந்தக் கூடுகளின் மேல் அதுவே நூல் நூற்றுப் போர்வை போட்டு மூடும். அருகே வரும் பூச்சியைத் தலையை ஆட்டி விரட்டும். தான் வண்ணத்துப்பூச்சியாவதற்குச் சேர்த்துவைத்த நூலைத் தன்னைத் தின்றவர்களின் பிள்ளைகளுக்காகச் செலவிட்டு, சில நாளில் இறந்துபோகும். 1994இல் இந்த நடத்தையை ஆராய்ந்து எழுதியவர்கள், புழுவின் நடத்தையையே குளவி அபகரித்துக்கொள்கிறது என்றார்கள்.

வல்லவனுக்கு வல்லவன் வையகத்தில் உண்டு என்பார்களே, அந்தக் கொட்டேசியாக் கூட்டையும் துளைத்து முட்டையிடும் வேறொரு குளவி இருக்கிறது. அது காவல்காரனுக்கும் எமன்.

தோட்டம் வைத்திருப்பவர்கள் கவனிக்க: வண்ணத்துப்பூச்சியின் முட்டைகளும் மஞ்சள்தான். ஆனால் அவை இலையின் கீழ்ப்புறத்தில் மிகச் சிறியனவாக, நிறுத்திவைத்த போத்தல்கள் போல வரிசையாக இருக்கும். குளவிக் கூடுகளோ பஞ்சு சுற்றிய அரிசி போல இருக்கும். பக்கத்தில் வாடிய புழு கிடக்கும். முன்னதை நசுக்கலாம். பின்னதைத் தொடவேண்டாம்.

கரப்பானைக் கயிறு பிடித்து நடத்தும் குளவி

உடலை ஆட்டிவைப்பது ஒருபுறம். மனத்தையே ஆட்டிவைக்கும் குளவியும் உண்டு. தென்னாசியா உட்பட வெப்ப நாடுகளில் வாழும் மரகதப் பச்சைக் குளவி அது. தொடைகள் சிவப்பு. பார்க்க நகை போல இருக்கும். அதன் விருந்து வழங்கி, நமக்கெல்லாம் நன்கு பழக்கமான பெரிய செங்கபில நிறக் கரப்பான்.

குளவி முதலில் கரப்பானின் நெஞ்சுப் பகுதியில் கொட்டும். முன்கால்கள் சில நிமிடங்களுக்குச் செயலிழக்கும். அந்த இடைவெளியில் கழுத்துப் பக்கமாக இரண்டாவது முறை கொட்டும். இந்தக் கொட்டு நேரே மூளைக்குள் போகிறது. இஸ்ரேலின் பென்குரியன் பல்கலைக்கழகத்தில் பிரெடெரிக் லிபர்சாத் என்பவரின் குழுவினர் கதிரியக்க அடையாளமிட்ட நஞ்சைக் கொண்டு 2003இல் இதை உறுதிப்படுத்தினார்கள். வைத்தியர் ஊசி போடுவது போலக் குறித்த நரம்புத் திரட்டில் அது இறங்குகிறது.

அதன் பின் கரப்பான் அரைமணி நேரம்வரை தன்னைத் தானே துடைத்துத் துப்புரவு செய்துகொண்டிருக்கும். பிறகு அசையாமல் நிற்கும். அதன் கால்கள் முடங்கவில்லை. தூண்டினால் நடக்கும். இல்லாமற் போனது ஒன்றுதான்: தானாக நடக்கத் தொடங்கும் எண்ணம். நரம்புகளில் ஊக்கத்தோடு தொடர்புடைய இரசாயனம் ஒன்று அதன் மூளையில் சரிவரத் தொழிற்படாமற் போகிறது. அதற்கு ஈடான பொருளை ஆய்வுகூடத்தில் செலுத்தியபோது கரப்பான் மறுபடியும் நடக்கத் தொடங்கியது.

குளவி, கரப்பானின் உணர்கொம்புகளைப் பாதியில் கடித்து, எஞ்சிய துண்டைப் பிடித்து, மாட்டைக் கயிற்றில் நடத்துவது போலப் பொந்துக்கு நடத்திச் செல்லும். கரப்பான் தன் சொந்தக் கால்களால் நடந்து தன் சவக்குழிக்குள் போகும். அங்கே அதன் காலில் ஒரு முட்டையை ஒட்டிவிட்டு, வாயிலைச் சிறு கற்களால் அடைத்துவிட்டுக் குளவி போய்விடும். மிச்சக் கதை உங்களுக்கே தெரியும்.

இதில் ஜேர்மனிக்கும் ஒரு பங்கு உண்டு. கரப்பான் அழுக்கில் புரளும் பூச்சி. அதன் உடலில் கிருமிகள் நிறைந்திருக்கும். அதற்குள் வளரும் குஞ்சுக்கு ஏன் நோய் பிடிப்பதில்லை? பவாரியாவின் ரெகென்ஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் குட்ருன் ஹெர்ஸ்னரும் அவருடன் சேர்ந்தவர்களும் இதற்கு 2013இல் விடை கண்டார்கள். குஞ்சு தன் வாயிலிருந்து கிருமி கொல்லும் திரவமொன்றைச் சுரந்து, கரப்பானின் உட்புறத்தைப் பூசி மெழுகிக்கொள்கிறது. சாப்பிடுமுன் தட்டைக் கழுவுவது போலத்தான்.

ஒரு செய்தி கூட. குளவி கொட்டிய பின் முட்டையிடாமல் விட்டால், அந்தக் கரப்பான் ஏறத்தாழ ஒரு வாரத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

டார்வினை வருத்திய குளவி

இதையெல்லாம் இரவுச் சாப்பாட்டின்போது சொன்னபோது மகள் முகத்தைச் சுளித்தாள். "ஏனப்பா இப்பிடிக் கொடுமை?" என்று கேட்டாள். பெரியவர்களுக்கும் வந்த கேள்விதான் இது. 1860ஆம் ஆண்டு சார்ள்ஸ் டார்வின் அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரேக்கு எழுதிய கடிதத்தில் இதே குளவிகளைக் குறிப்பிட்டார். உயிருள்ள புழுக்களின் உடலைத் தின்பதற்கென்றே கருணையுள்ள கடவுள் இவற்றைப் படைத்திருப்பார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என்று எழுதினார்.

மகளுக்கு நான் சொன்ன பதில் சிறியது. குளவிக்கு இரக்கமும் இல்லை, வன்மமும் இல்லை. கொடுமை என்ற சொல், வேறு விதமாக நடக்கக்கூடியவர்களுக்கு உரியது. நாங்கள் ஓடிவந்த கொடுமையைச் செய்தவர்கள் மனிதர்கள். அவர்களால் வேறு விதமாக நடந்திருக்க முடியும். குளவியால் முடியாது. அவளுக்கு இது எவ்வளவு விளங்கியதோ தெரியாது. ஆனால் எனக்கு அதைச் சொல்லிப் பார்த்தது நல்லதாக இருந்தது.

பப்பாசியைக் காத்த குளவி

இந்தக் குளவிகள் இல்லாவிட்டால் நாம் சாப்பிட ஒன்றும் மிஞ்சாது என்பதும் உண்மை. 2008இல் இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் பப்பாசி மரங்களில் வெள்ளை மாப் பூசியது போல ஒரு பூச்சி பரவியது. பப்பாளி மாவுப்பூச்சி என்று அதற்குப் பெயர். மெக்சிக்கோப் பக்கத்துப் பூச்சி அது. வந்த இடத்தில் அதற்கு எதிரியில்லை. தமிழ்நாட்டில் பப்பாசியோடு நில்லாமல் மரவள்ளியையும், பட்டுப்புழு வளர்ப்போரின் மல்பெரியையும் அழித்தது. விவசாயிகள் மருந்துக்கு மேல் மருந்து அடித்தார்கள். மெழுகுப் போர்வைக்குள் இருக்கும் பூச்சியை மருந்து சரியாக எட்டவில்லை.

அதன் சொந்த ஊர்ப் பக்கத்தில் அதைக் கட்டுப்படுத்தும் குளவிகளைத் தேடினார்கள். புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து இலங்கைக்கு 2009இலும் இந்தியாவுக்கு 2010இலும் அவை கொண்டுவரப்பட்டன. பெங்களூரில் பரிசோதித்து, கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் உதவியோடு பெருக்கி, தோட்டங்களில் விட்டார்கள். கடுகிலும் சிறிய அந்தக் குளவி மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு, குறுகிய காலத்திலேயே தொல்லையை அடக்கியது.

ஜேர்மனியில் சோளப் பயிரைத் துளைக்கும் புழுவுக்கு எதிராக ட்ரிக்கோகிராமா என்ற குளவியைப் பல பத்தாண்டுகளாக வயல்களில் விடுகிறார்கள். இப்போது ஆளில்லாச் சிறு விமானங்கள் மூலமும் தூவுகிறார்கள். இந்தக் குளவி அரை மில்லிமீற்றருக்கும் குறைந்த நீளமுடையது. இது புழுவைத் தேடுவதில்லை, முட்டையைத் தேடுகிறது. எப்படித் தேடுகிறது தெரியுமா? கோவா வண்ணத்துப்பூச்சியின் ஆண், இணைந்த பெண்ணின் உடலில் ஒரு மணத்தைப் பூசிவிடும். 'இவள் இணைந்தவள், வேறு ஆண்கள் வரவேண்டாம்' என்பதற்கான மணம் அது. இதே மணத்தை மோப்பம் பிடித்துக் குளவி அந்தப் பெண்ணின் மேல் ஏறிச் சவாரி செய்து, அது முட்டையிடும் இடத்திலேயே இறங்கி, முட்டைக்குள் தன் முட்டையை இட்டுவிடும். 2005இல் இதை வெளியிட்ட ஆய்வாளர்களில் பேர்லின் பல்கலைக்கழகத்தவர்களும் இருந்தார்கள்.

இனிக் குசினிக்கு வருவோம்

மேல் வீட்டு அம்மா சொன்னது இதே ட்ரிக்கோகிராமா வகையைத்தான். நம் வீடுகளில் காணும் பூச்சி பெரும்பாலும் டொர்ஒப்ஸ்ட்மொட்டெ என்னும் உலர்பழ அந்துப்பூச்சி. இறகின் முன்பாதி வெளிறியும் பின்பாதி செப்பு நிறமாகவும் இருக்கும். அடுத்தது மெல்மொட்டெ, மா அந்துப்பூச்சி. ஒரு பெண் அந்து 200, 300 முட்டை இடும். அரிசி, மா, பருப்பு, கச்சான், மிளகாய்த்தூள் என்று கிலோக் கணக்கில் வாங்கி வைக்கும் நம் வீடுகள் இவற்றுக்குக் கல்யாண வீடு. இது ஊத்தையால் வருவதல்ல. கடையிலிருந்து வாங்கும் புதுப் பையோடும் வரலாம். ஆகவே இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. நம்மவர்கள் வெட்கப்பட்டு மறைத்து வைப்பதால்தான் ஒரு அலுமாரியில் வந்தது வீடு முழுவதும் பரவுகிறது.

செய்ய வேண்டியவை:

1. எல்லாப் பொருளையும் வெளியே எடுத்து ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். நூல் படர்ந்ததையும் புழு கண்டதையும் இறுகக் கட்டி வீட்டுக்கு வெளியே உள்ள தொட்டியில் போடுங்கள். பொலித்தீன் பையைப் புழு துளைத்துவிடும் என்பதால், மூடியிருந்த பையையும் நம்ப வேண்டாம்.

2. நல்லதாகத் தெரியும் பொருட்களை உறைகுளிர்ப் பெட்டியில் பாகை சைபருக்குக் கீழ் 18இல் ஒரு வாரம் வையுங்கள். உள்ளே முட்டை இருந்தாலும் இறந்துவிடும்.

3. அலுமாரியின் தட்டுகளையும், ஆணி ஓட்டைகளையும், பின்புறத்தையும் தூசி உறிஞ்சியால் இழுத்து, வினாகிரித் தண்ணீரால் துடையுங்கள். புழு கூட்டுப்புழுவாக மாறச் சுவர் மூலைக்கும் ஏறிப்போகும். அங்கேயும் பாருங்கள்.

4. பிறகு குளவி அட்டைகளை வையுங்கள். தோட்டப் பொருட் கடைகளிலும் தபால் மூலமும் வாங்கலாம். 'ஷ்லுப்ஃவெஸ்பன், லேபென்ஸ்மிட்டல்மொட்டனுக்கு எதிராக' என்று கேளுங்கள். துணி அந்துக்கு உரியது வேறு. ஒரு சிறு அட்டையில் ஆயிரக்கணக்கான குளவிகள் முட்டைகளுக்குள் இருக்கும். ஒவ்வொரு தட்டிலும் ஒன்று வையுங்கள். பொதுவாக மூன்று வாரத்துக்கு ஒருமுறை புது அட்டை மாற்றச் சொல்வார்கள். இடையில் நிறுத்தினால் எஞ்சிய முட்டைகள் பொரித்து மீண்டும் தொடங்கிவிடும்.

5. பசை பூசிய பொறியில் ஆண் அந்துகள் மட்டுமே விழும். அந்து இருக்கிறதா என்று அறிய அது உதவும். ஒழிக்க அது போதாது.

குளவி அந்து முட்டையைக் கண்டால் அதற்குள் நஞ்சும் தன் முட்டையும் செலுத்தும். அந்துக் கரு வளர்வது நின்றுவிடும். உள்ளே இருப்பது குளவிக் குஞ்சுக்குக் கஞ்சியாகிவிடும். அந்து முட்டைகள் தீர்ந்ததும், போட இடமில்லாமல் குளவிகளும் இறந்து தூசியாகிவிடும். பறந்து வந்து தொல்லை செய்யா. கொட்டவும் மாட்டா.

இன்னொரு சொல்: கோடையில் உங்கள் பல்கனியில் பெரிய குளவிகள் கூடு கட்டினால், தக்க காரணமின்றி அதை அழிப்பது இங்கே சட்டப்படி குற்றம். ஹோர்னிசெ என்னும் பெரிய குளவிக்கு விசேட பாதுகாப்பு உண்டு. அதன் கூட்டை அகற்ற அனுமதி வேண்டும். நெருப்பு வைக்கவோ மருந்து அடிக்கவோ போய்த் தண்டம் கட்ட வேண்டாம். வீட்டுச் சொந்தக்காரருக்கோ நகரசபை இயற்கைப் பாதுகாப்புப் பிரிவுக்கோ அறிவியுங்கள்.

முடிவாக ஒன்று

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அலுமாரியை முழுதாக இறக்கினோம். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டு போனபோது, அடித்தட்டின் மூலையில் கேக்குக்கென்று இங்கேயே வாங்கிவைத்த கொட்டைப் பருப்புப் பையொன்று கிடந்தது. திறந்தால் உள்ளே முழுவதும் நூலும் புழுவும். தொடங்கிய இடம் அதுதான். அம்மாவின் ஒடியல் மா வைத்திருந்தது மேல்தட்டில், இறுக மூடிய பேணிக்குள். பேணியிலிருந்து பையில் கொட்டித்தான் எறிந்திருந்தேன். கொட்டும்போது ஒரு புழுவைக்கூடக் கண்டதாக நினைவில்லை.

மனைவி என்னைப் பார்த்தார். நான் மனைவியைப் பார்த்தேன். இருவரும் ஒன்றும் பேசவில்லை.

மாலை அம்மாவோடு தொலைபேசியில் கதைத்தபோது மறைக்க மனம் வரவில்லை. சொன்னேன். சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு, "அந்துப் பிடிச்சாலும் எறியிறதே மேனை? அரிதட்டிலை அரிச்சுப்போட்டு நாலு வெயிலிலை காயவிட்டால் சரிதானே" என்றார்.

"இஞ்சை மாசியிலை வெயிலுக்கு எங்கையம்மா போறது?" என்றேன்.

"வெயில் இல்லாட்டில் அந்த ஊரிலை இருக்கிறதை வைச்சுச் செய்யப் பார் தம்பி" என்றார் அம்மா. உறைகுளிர்ப் பெட்டியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அங்கே வெயில் செய்ததை இங்கே குளிர் செய்கிறது.

ஆகவே, ஊரிலிருந்து உங்களுக்கும் ஏதாவது பொதி வந்தால், அந்தைக் கண்டதும் முதலில் அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். திறந்து பாருங்கள். ஒரு வாரம் குளிரில் வையுங்கள். பிறகு முடிவெடுங்கள்.

வைகாசியில் இன்னொருவர் ஊரிலிருந்து வருகிறார். ஒடியல் மா மறுபடியும் இடித்தாகிவிட்டது என்று அம்மா சொல்லியிருக்கிறார். பேணி தயாராக இருக்கிறது.

உங்கள் வீட்டு அனுபவங்களையும் கேள்விகளையும் எழுதியனுப்புங்கள். அடுத்த இதழில் வேறொரு விடயத்தோடு சந்திப்போம்.